விட்டுப்போன நோன்புகள்

ஸ்பாக்ஸ்
29 டிசம்பர் 1996

அன்புத் தங்கை மப்ரூக்காவுக்கு,

"உங்க அம்மா எதுல இறந்தாங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். காலமெல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவள், பதில் தெரியாமல் முழித்தேன். அதனால்தான் நலம் விசாரிக்கும் முன்பே அந்தக் கேள்வியை உனக்கு அனுப்புகிறேன். அம்மாவின் கடைசி வருஷத்தில் நீதான் வீட்டில் இருந்தாய். நான் தலைநகர் தூனிஸில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தேன். நெஃப்தாவுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்திருந்தது.

இனி முறைப்படி. நீயும் உன் வீட்டுக்காரர் லாரூஸியும் மகள் ரௌதாவும் சுகம்தானே? பேரீச்சை வெட்டு நல்லபடியாக முடிந்ததா? நான் தேறி வருகிறேன். மாதத் தொடக்கத்தில் என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 'கட்டி' என்று நூரி உனக்குப் போனில் சொன்னானாமே. என்னிடமும் அப்படித்தான் சொன்னான். டாக்டர் அவனை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பையன் 'நோட்டை மறந்துட்டேன் டீச்சர்' என்று சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகம் அது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நானே டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், இந்த வயிறு யாரோடது?"

"உங்களோடதுதான் டீச்சர்."

"அப்ப அதுல இருந்தத என் மகன்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "நம்ம பக்கத்து வழக்கம் அப்படி. வீட்டு ஆளுங்ககிட்டதான் சொல்வோம். நோயாளி பயந்துருவாங்க."

"உங்க மூஞ்சியப் பாத்தா நீங்கதான் பயந்தமாதிரி இருக்கு. பேரச் சொல்லுங்க."

சொன்னார். கர்ப்பப்பைப் புற்றுநோய். அதன்பின்தான் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மாவுக்கும் இது இருந்திருந்தால் உன்னையும் ஒருதடவை பரிசோதிக்க வேண்டுமாம். சில குடும்பங்களில் இது தாய்வழியாக இறங்குமாம். யோசித்து எழுது.

எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதெல்லாம் கடிதத்தில் எழுதக்கூடிய விஷயமில்லை. நேரில் சொல்கிறேன். உன் வீட்டுக்கு நலம் உண்டாகட்டும்.

அக்கா ஷத்லியா


நெஃப்தா
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

ரமலான் பிறந்திருக்கிறது. உனக்கும் நூரிக்கும் வாழ்த்து. நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மாவு பிசைந்தேன். நீ நோன்பு பிடிக்காதே. அதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடு. ஸ்பாக்ஸ் பஸ் டிரைவரிடம் ஒரு பெட்டி பேரீச்சை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நூரியை வாங்கிக்கொள்ளச் சொல்.

அக்கா, கடிதத்தில் அந்தப் பெயரை எழுதாதே. 'அது' என்று எழுதினால் எனக்குப் புரியும். போனிலும் பேச வேண்டாம். போன் பேரீச்சை கட்டும் கொட்டகையில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்களுக்குக் கை பேரீச்சையில், காது போனில்.

ரௌதாவுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை தோஸரில் மின்சார அலுவலகத்தில் வேலை. ஆகஸ்டில் கல்யாணம். அவனுடைய அம்மா வாராவாரம் வந்து எங்கள் வீட்டு அடுப்படிவரை பார்த்துவிட்டுப் போகிறாள். போன வாரம், "உங்க பக்கம் எல்லாருக்கும் ஆயுசு எப்படி?" என்று கேட்டாள். "கெட்டி" என்றேன்.

அம்மா வயிற்றில் குளிர் ஏறித்தான் இறந்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பழையதைக் கிளறாமல் உடம்பைப் பார்த்துக்கொள். இறைவன் உனக்குச் சுகம் தரட்டும்.

தங்கை மப்ரூக்கா


ஸ்பாக்ஸ்
20 ஜனவரி 1997

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எல்லோருடைய நோன்பும் ஏற்கப்படட்டும். பெட்டி வந்தது. நூரி அதில் பாதியைத் தின்றுவிட்டான். என் தையல் ஆறிவிட்டது. ஆனால் தும்மும்போது இன்னும் வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறேன்.

வெட்டியெடுத்ததைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. நோய் கர்ப்பப்பையின் சுவருக்குள் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கிறது. பாதி கனத்தைத் தொடுகிற மாதிரியாம். வெளியே பரவவில்லை. இனி என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. டாக்டர் சொன்னது எனக்கு ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கரும்பலகையாக மாற்றிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எழுதியதையெல்லாம் துணியால் துடைத்தாகிவிட்டது. பலகை சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் சுண்ணாம்புத் தூள் எங்காவது ஒட்டியிருக்கலாம். இதில் முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூர்ந்து பார்ப்பது. இரண்டாவது வழி, தூள் வழக்கமாகத் தங்குகிற மூலையை மட்டும் ஈரத்துணியால் துடைப்பது. அந்த மூலை, கர்ப்பப்பையை எடுத்த இடத்தில் தையல் போட்டிருக்கிறதே, அது. உள்ளே ஒரு குழாயை வைத்து அந்த இடத்துக்கு மட்டும் கதிர் கொடுப்பார்கள். சில தடவை போனால் போதும். மூன்றாவது, பலகை முழுவதையும் கழுவுவது. வெளியிலிருந்து அடிவயிறு முழுக்கக் கதிர். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும். கழுவுகிற தண்ணீர் சுவரிலும் வழியுமே, அதுபோலக் குடலுக்கும் மூத்திரப்பைக்கும் தொந்தரவு வரலாம்.

"இதுல எதப் பண்ணா நான் சாக மாட்டேன்?" என்று கேட்டேன்.

"உயிரைப் பொறுத்தவரை உங்களுக்கு மூணும் ஏறக்குறைய ஒண்ணுதான் டீச்சர். திரும்ப அதே இடத்துல வராம இருக்குறதுலதான் வித்தியாசம்."

"உங்க அம்மாவா இருந்தா எது சொல்வீங்க?"

"எங்கம்மாவா இருந்தா அவங்ககிட்ட சொல்லியே இருக்க மாட்டேன்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். எனக்குத் தையல் வலித்தது.

பெருநாள் கழிந்து முடிவைச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். அதுவரை பொறுக்கலாமாம்.

மப்ரூக்கா, குளிர் யாரையும் கொல்லாது. நெஃப்தாவில் ஜனவரிக் குளிரில் நாமெல்லாம் வெறுங்காலோடு ஓடையில் நின்றிருக்கிறோம். அம்மாவுக்கு எங்கே வலித்தது, எப்படி ஆரம்பித்தது என்று மட்டும் எழுது.

அக்கா ஷத்லியா


நெஃப்தா
14 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து. நாங்கள் சுகம். நீ எந்த வழியை எடுத்தாய்? என்னைக் கேட்டால் முழுப் பலகையையும் கழுவிவிடு. பாத்திரமானாலும் பலகையானாலும் பாதி கழுவுவது எனக்குப் பிடிக்காது.

பெருநாளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரௌதாவுக்கு வளையல், எனக்கு ஒரு போர்வை. பக்கத்து வீட்டு ஸாஸியா போர்வையைத் தடவிப் பார்த்து, "சம்பந்திக்கே இப்பிடின்னா பொண்ணுக்கு ஒட்டகமே வரும்டி" என்றாள். அவள் வாயை அடைக்க ஒரு தட்டு பலகாரம் கொடுத்து அனுப்பினேன்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். நாளையிலிருந்து ரமலானில் விட்டுப்போன நோன்புகளைப் பிடிக்கப் போகிறேன். பகல் சின்னதாக இருக்கும்போதே முடித்துவிட்டால் நல்லது. வெயில் வந்துவிட்டால் தொண்டை தாங்காது.

அம்மாவைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை அக்கா. நான் சின்னப் பெண். சுகமாக இரு.

தங்கை மப்ரூக்கா


ஸ்பாக்ஸ்
24 பிப்ரவரி 1997

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் நோன்பு எளிதாகப் போகட்டும் என்று எழுத ஆரம்பித்தேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் என் சங்கதி. மூலையை மட்டும் துடைப்பது என்று சொல்லிவிட்டேன். டாக்டர் சரியென்று தலையாட்டினார். நான் வேறெதைச் சொல்லியிருந்தாலும் இதேமாதிரி ஆட்டியிருப்பாரோ என்று தோன்றியது. முதல் தடவை முடிந்தது. தனி அறையில் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு நர்ஸ், "அசையாதீங்கம்மா" என்கிறாள். வலியில்லை. வெட்கம் உண்டு. வலிக்குக் கத்தலாம், வெட்கத்துக்குக் கத்த முடியாது. அதுதான் வித்தியாசம்.

இப்போது உன் சங்கதி. உனக்கு ஐம்பத்தேழு வயது. உனக்கு எப்படி நோன்பு விட்டுப்போகும்? நாம் இருவரும் மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆனவர்கள். அது நின்றபின் முழு ரமலானும் பிடித்துவிடலாம், பாக்கி வைக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டது நீதான்.

போன டிசம்பரில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கு இரத்தம் பட்டது. தேநீர்க் கறைபோல லேசாக. வலி இல்லை. ஒரு வாரம் வந்தது, பத்து நாள் நின்றது, திரும்ப வந்தது. இதைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று நான் நினைத்தது தப்பு. தபால்காரருக்கு என்ன, பிரித்துப் படிக்கிற வேலையா?

உனக்கும் அப்படியா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

அக்கா ஷத்லியா


நெஃப்தா
10 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சிகிச்சை நல்லபடி நடப்பதற்கு நன்றி இறைவனுக்கே. ரமலானில் எனக்குச் சளிக்காய்ச்சல். அதனால் விட்டுப்போனது. நீ ஆசிரியை, எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் சிவப்பு மையால் சுழிக்காமல் இருக்க மாட்டாய். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். எழுத நேரமில்லை. ரௌதா சலாம் சொல்கிறாள். அவளுக்கு எதுவும் எழுதிவிடாதே.

தங்கை மப்ரூக்கா


ஸ்பாக்ஸ்
18 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

சளி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்குப் போடுவாள், ஆனால் விடையைக் கையால் மறைத்துக்கொள்வாள். தப்பு என்று தெரிந்துதான் மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கையை எடுத்துப் பார்த்தால் விடை சரி. சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் அவளுக்குப் பயம். சரியாக இருந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டுமே.

நான் உன் கையை எடுக்கப் போவதில்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில் என் சிகிச்சை முடிகிறது. பிறகு பஸ் ஏறி நெஃப்தாவுக்கு வருவேன், அல்லது நீ இங்கே வரலாம். எது என்று எழுது. லாரூஸிக்கு என் சலாம்.

அக்கா ஷத்லியா


ஸ்பாக்ஸ்
9 ஏப்ரல் 1997

மப்ரூக்கா,

சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதில் வரவில்லை. என் கடைசித் தடவையும் முடிந்தது. இனி எனக்கும் கூர்ந்து பார்க்கிற வேலைதான். நெடும்பயணம் செய்ய டாக்டர் இன்னும் விடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்கிறார். நான் வராவிட்டால் என்ன, தோஸரில் பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். விசாரித்துவிட்டேன்.

அக்கா


நெஃப்தா
24 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து. ஆட்டுக்கறியை உப்புப் போட்டுக் காயவைத்துவிட்டு எழுதுகிறேன். ரௌதா தையல்காரி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

உன் கேள்விக்குப் பதில், ஆம்.

நவம்பரில் ஆரம்பித்தது. எனக்குப் பயமே வரவில்லை அக்கா. விலக்கு திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விலக்கில் தொழக்கூடாதே என்று தொழுகையை விட்டேன். ரமலானில் வந்தபோது நோன்பையும் விட்டேன். மார்க்கப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறேன் என்று நினைப்பு. நின்றதும் குளித்துச் சுத்தமாகப் பொதுக் குளிப்புக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஸாஸியா பார்த்துவிட்டாள்.

"என்னடி, இந்த வயசுல குளிச்சு சுத்தமாகுற? மறுபடி குமரியாயிட்டியா? லாரூஸிக்கு அதிர்ஷ்டந்தான் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தேநீர்க் கறை என்று நீ எழுதினாய் பார், அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அம்மாவுக்கும் அதே நிறம். குளிர் இல்லை அக்கா. மாதக்கணக்கில் இரத்தம் போனது. நான்தான் துணிகளை அலசினேன். "ஓடைக்கு மேல்பக்கமாப் போ, பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாடி அலசிட்டு வந்துடு" என்பாள். உனக்குக் கடிதம் போடலாமா என்று ஒருநாள் கேட்டேன். "அவகிட்ட சொன்னா படிப்ப விட்டுட்டு வந்து நிப்பா. யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். அந்தச் சத்தியத்தால்தான் நீ படிப்பை முடித்து ஆசிரியை ஆனாய். அதை உடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பெருநாளுக்கு முன்னால் லாரூஸியிடம் சொன்னேன். ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா?"

"வெள்ளையடிக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

"வீட்டுக்குச் சுண்ணாம்பு வாங்க என்கிட்ட அவ்வளவு பேரம் பேசினியே, இத ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார். அவ்வளவுதான். கொட்டகைக்குப் போய்த் தோஸர் போக வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

நீ சொன்ன தோஸர் பெண் டாக்டர் உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அம்மா எதில் இறந்தாள் என்று என்னையும் கேட்டார். சொன்னேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தங்கை மப்ரூக்கா


நெஃப்தா
20 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அறுவை சிகிச்சைக்கு ஸ்பாக்ஸ் வந்த எனக்கு, உன் உடம்பு இருக்கிற நிலையிலும் நீ செய்த பணிவிடைக்கு இறைவன்தான் கூலி தர வேண்டும். நூரிக்கு நான் போட்ட ரொட்டி போதவில்லை என்று தெரியும். கல்யாணத்துக்கு வரட்டும், போட்டுத் தருகிறேன்.

ஊருக்குப் புறப்படும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முடிவு வந்திருந்தது. என்னுடையது உள்தோலோடு நின்றுவிட்டதாம். சுவருக்குள் இறங்கவில்லை. கதிர் வேண்டாம், எதுவும் வேண்டாம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று உன் டாக்டர் லாரூஸியிடம் சொன்னார். என்னிடமும் சொன்னார். அவரை நீ பழக்கிவிட்டிருக்கிறாய்.

நீ சொன்ன முதல் வழி. துடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். எனக்கு எவ்வளவு நிம்மதி! இனி ரௌதாவிடம் சொல்ல வேண்டியதே இல்லை, பார். 'கட்டி, எடுத்தாச்சு' என்று சொல்லியிருக்கிறோம். மாப்பிள்ளையின் அம்மா கோழி அடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். எல்லாம் அப்படியே இருக்கட்டும். சரிதானே அக்கா? சரி என்று ஒரு வரி எழுது.

தங்கை மப்ரூக்கா


ஸ்பாக்ஸ்
28 ஜூன் 1997

அன்புத் தங்கை மப்ரூக்காவுக்கு உன் அக்கா ஷத்லியா எழுதுவது,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலம். முதல் பரிசோதனை முடிந்தது. இதுவரை சுத்தம். லாரூஸிக்கும் ரௌதாவுக்கும் ஸாஸியாவுக்கும்கூட என் சலாம். முடிக்கும்போது எழுத வேண்டியதையெல்லாம் முன்னாலேயே எழுதிவிட்டேன். கடைசியில் வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

உனக்குக் கதிர் வேண்டாம் என்பதில் உன்னைவிட எனக்குச் சந்தோஷம். ஆனால் 'சரி' என்ற அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது.

பரீட்சை அறையில் நிற்கிற ஆசிரியரைப் பார்த்திருப்பாய். சும்மா நடப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தால் அந்தப் பரீட்சைக்கு அர்த்தமில்லை. உனக்குக் கொடுத்திருப்பதும் அப்படி ஒரு சிகிச்சை. மருந்து இல்லை, கருவி இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் மருந்து. அதற்குக் கண் வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக. நான்கு மாதம் கழித்து அறுவடை நேரம். லாரூஸி தோப்பில் இருப்பார். 'கட்டிதான் போயிருச்சே, அப்புறம் எதுக்கு ஸ்பாக்ஸ்?' என்று ரௌதா கேட்பாள். 'ஆமால்ல' என்று நீயும் இருந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். மறுபடி ஒரு கறை பட்டால் அதை யாரிடம், என்ன பெயரில் சொல்வாய்?

அதோடு ரௌதா. பாட்டிக்கு, பெரியம்மாவுக்கு, அம்மாவுக்கு. மூன்று பேர் ஆயிற்று. இளவயதிலிருந்தே அவளும் காட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது ரௌதா எடுக்க வேண்டிய முடிவு. அவள் எடுக்க வேண்டுமானால் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். சம்பந்தம் முறியாது என்று உனக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். முறியலாம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை நீ ஏற்கெனவே காப்பாற்றி முடித்துவிட்டாய். நான் படித்தேன், வேலை பார்த்தேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அதில் இனி மிச்சமில்லை.

நேராக ரௌதா முன்னால் போய் நின்றால் உனக்கு வாய் வராது. என் கதையும் அதுதான். டாக்டரிடம் அவ்வளவு பேசியவள், வீட்டுக்கு வந்து நூரியிடம் 'அது' என்றுதான் சொன்னேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளுக்கும் முதல் நாள் குரல் எழும்பாது. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் காலி வகுப்பில் தனியாக நின்று முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முதல் தடவை தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே திடுக்கிடுவார்கள். இரண்டாம் தடவை அது வெறும் வாக்கியம்.

நாளை மதியம் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்தபின், ஒரு காலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உன் நோயின் பெயரை ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.